படகில்லாக் கடல்

கரிபியக் கடலில், வெனிசுவேலாவுக்கு எண்பது கிலோமீட்டர் வடக்கே பொனேர் என்றொரு தீவு இருக்கிறது. நெதர்லாந்துக்கு உரியது, 2010 அக்டோபர் 10 முதல் அந்நாட்டின் தனி நகராட்சி. தலைநகரான கிராலண்டைக்கிலிருந்து மேற்குக் கரைச் சாலையில் போனால் வழிநெடுக மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் கிடக்கும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர்: கார்பாட்டா, ஏஞ்சல் சிட்டி, ஹில்மா ஹூக்கர், பிங்க் பீச். கல்லைக் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் கிடக்கும் காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு சில அடிகள் நடந்தால் கடல் வந்துவிடும். மணல் திட்டின் மேல் கொஞ்ச தூரம் நீந்தினால் பவளப்பாறைச் சரிவு தொடங்கும். கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றுக்குத் தீவே தடுப்பாக நிற்பதால் மேற்குக் கடல் பெரும்பாலான நாட்களில் குளம்போல் கிடக்கும். தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம்வரை 1979 முதல் கடற்பூங்கா. மீனும் பவளமும் கரைக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு செழிப்பாக இருக்கும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

இங்கே முக்குளிக்கப் படகு தேவையில்லை. அந்த வசதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. படகு இல்லை என்றால், உங்கள் உடலைப் பார்த்து ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லவும் ஆள் இல்லை.

கணக்கெடுக்க யாரும் இல்லை

படகில் போகும்போது ஒரு தலைவர் இருப்பார். இறங்குவதற்கு முன் தலையை எண்ணுவார், ஏறிய பின் எண்ணுவார். யாருக்காவது முகம் வெளுத்திருந்தால் கேட்பார். ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் படகு போகும். மூன்றாவதாக இறங்க ஆசைப்பட்டாலும் படகு இருக்காது. ஆக்சிஜன் பெட்டி படகிலேயே இருக்கும்.

பொனேரில் பல கடைகள் வாரக் கட்டணத்துக்கு எத்தனை சிலிண்டர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கின்றன. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று, இருட்டிய பின் டார்ச் விளக்கோடு ஒன்று. ஆறு நாள் இப்படிப் போனால் இருபதைத் தாண்டிவிடும். தீவுக்கு வந்ததும் பூங்கா விதிகளைச் சொல்லித் தந்து, ஒருமுறை கண்முன்னால் முக்குளிக்கவைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நீங்களும் உங்கள் துணையும் கடலும்தான். அந்தச் சுதந்திரத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். அதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயிரம் படிகள்

தீவின் வடமேற்கில் ‘1000 ஸ்டெப்ஸ்’ என்றொரு முக்குளிப்பிடம். சுண்ணாம்புப் பாறையில் செதுக்கிய படிக்கட்டில் இறங்கிக் கடற்கரைக்குப் போக வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ எழுபது படிகள்தான். முக்குளித்துவிட்டு அதே படிகளில் ஏறி வரும்போதுதான் பெயரின் பொருள் புரியும். நிறைந்த அலுமினிய சிலிண்டர் மட்டுமே பதினாறு பதினேழு கிலோ. அதோடு மிதவை அங்கி, ஈயக்கட்டி, நனைந்த உடை. இருபது கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்தபடி, நடு வெயிலில், ஏற்கெனவே களைத்த கால்களோடு ஏற வேண்டும்.

தண்ணீருக்குள் இறங்கியதும் கைகால்களில் இருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. அரை லிட்டருக்கும் மேல் கூடுதலாக வரும் ரத்தத்தை இதயம் சமாளிக்க வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் இன்னும் சுமை. பிறகு கரையேறும்போது அந்த ரத்தம் சட்டென்று கால்களுக்குத் திரும்புகிறது. அதே நேரத்தில் எடையும் முதுகில் ஏறுகிறது. ஆரோக்கியமான இதயம் இதைத் தாங்கும். அடைப்பு இருப்பது தெரியாத இதயத்துக்கு இது டிரெட்மில் பரிசோதனையைவிடக் கடினமான சோதனை, அதுவும் பக்கத்தில் மருத்துவர் இல்லாமல். முக்குளிப்பில் நேரும் மரணங்களுக்கு முன்வரிசையில் நிற்கும் காரணங்களில் இதயக் கோளாறும் ஒன்று, குறிப்பாக நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடம். பயணம் கிளம்புகிறவர்கள் சுறாவைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள்.

பயிற்சியில் சேரும்போது ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். 2020இல் திருத்தப்பட்ட அந்தப் படிவத்தில் முதன்மைக் கேள்விகள் பத்து. நாற்பத்தைந்தைத் தாண்டியவரா என்பது அவற்றில் ஒன்று. ஆம் என்றால் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இள வயதில் மாரடைப்பால் இறந்தவர்கள் என்று விவரம் கேட்கும். நம்மவர்கள் பலர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடு இழுத்துவிடுகிறார்கள். பி.பி. மாத்திரை போடுவது நோயே அல்ல என்ற எண்ணம் ஒரு பக்கம், கட்டிய பணம் போய்விடுமே என்ற பயம் மறுபக்கம். ‘ஆம்’ என்று எழுதினால் முக்குளிக்கவே முடியாது என்று பொருளல்ல. ஒரு மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நீருக்குள்ளேயே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து கூடுதல். காரணமில்லாத மூச்சுத்திணறல், இருமல், நுரைத்த சளி ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படி வந்தால் உடனே மேலேறி, கரைக்கு வந்து, ஆக்சிஜன் எடுக்க வேண்டும். மருத்துவர் பார்க்கும்வரை மறுபடி இறங்கக் கூடாது.

சர்க்கரை நோய் பற்றியும் நம் வீடுகளுக்காகத் தனியே சொல்ல வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நீருக்கடியில் சர்க்கரை இறங்கினால் மயக்கம் நேரே மூழ்குவதில் முடியும். மருத்துவர் அனுமதித்தவர்களும் இறங்குவதற்கு முன் பலமுறை சோதித்து, அளவு 150க்கு மேல், இறங்காமல் நிலையாக இருந்தால் மட்டுமே போக வேண்டும். 300ஐத் தாண்டினாலும் அன்று வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள், தானாக நுரையீரல் சுருங்கிய வரலாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முக்குளிக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் நுரையீரல் பரிசோதனை செய்துகொள்ளாமல் முடிவெடுக்கக் கூடாது.

முதல் பத்து மீட்டர்

கடல் மட்டத்தில் நம்மேல் ஒரு மடங்கு காற்றழுத்தம் இருக்கிறது. பத்து மீட்டர் இறங்கினால் இரண்டு மடங்கு. அதாவது நடுச்செவிக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. இருபதிலிருந்து முப்பது மீட்டருக்குப் போகும்போது இவ்வளவு பெரிய மாற்றம் கிடையாது. அதனால்தான் ஆழம் போகவே இல்லையே என்று நினைக்கும் இடத்தில் காது கிழிகிறது.

தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் வழியாக அந்தக் காற்றை நாமே நிரப்ப வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதலாம், அல்லது மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்கலாம். வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். இறங்கும் ஒவ்வோர் அரை மீட்டருக்கும் செய்தாலும் தப்பில்லை. காது திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். முக்கி ஊதினால் உட்செவியே சேதமாகலாம். அப்படிச் சேதமானால் வரும் தலைசுற்றலும் இரைச்சலும் சிலருக்குக் கடைசிவரை தீராது. கரையிலிருந்து இறங்குவதில் இங்கே ஒரு நன்மை உண்டு. மணல் திட்டு படிப்படியாகத்தான் ஆழமாகிறது. அவசரமில்லாமல், கால் கீழாக, காதின் வேகத்துக்கு இறங்கலாம்.

இருந்தும் மூன்றாம் நாள் எனக்கு அது நேர்ந்தது. முந்தின இரவே லேசான மூக்கடைப்பு. காலையில் மூக்கடைப்பு மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு கார்பாட்டாவில் இறங்கினேன். ஆறு மீட்டரில் வலது காது இறுகியது. துணைக்கு வந்தவர் கையால் கேட்டார். சரியாகிவிட்டது என்று நானும் கையால் சொன்னேன். ஆகவில்லை. நாற்பது நிமிடம் கழித்து மேலே வரும்போது மாத்திரையின் வேகம் தீர்ந்திருந்தது. உள்ளே சிக்கிய காற்று விரிந்து வெளியேற வழியில்லாமல் வலி நெற்றிவரை ஏறியது. கரையில் மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ரத்தம். அந்தக் காது அடைப்பு விலகச் சில வாரங்கள் ஆயின. படகாக இருந்திருந்தால் மூக்கடைத்த குரலைக் கேட்டே யாராவது நிறுத்தியிருப்பார்கள். கரையில் நிறுத்த வேண்டியவள் நான்தான்.

நாளுக்கு மூன்று நான்கு முறை நனையும் காதில் இன்னொரு தொல்லை, வெளிச்செவியின் தோல் ஊறி வரும் தொற்று. காது மடலைத் தொட்டாலே வலிக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவி, தலையைச் சாய்த்து உலரவிடுங்கள். பஞ்சுக் குச்சியை மட்டும் விடாதீர்கள்.

ரத்தத்தில் கரையும் காற்று

மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் குளித்தவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு கீழே போய் வந்தார்கள். அவர்களுக்குக் காதுதான் முதல் பலி. 1943இல் பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய மூச்சுக் கருவிக்குப் பிறகு, கடலுக்கடியில் இருந்துகொண்டே மூச்சு விடுவது பரவலாயிற்று. அந்தக் காற்று சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே வருகிறது. முப்பது மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைத்து வைத்துக்கொள்கிறது.

கோலி சோடாவை ஒரே குத்தாகக் குத்தினால் பொங்கி வழியும். கோலியை மெல்ல அழுத்தினால் சீற்றம் அடங்கி நீர் நிற்கும். மேலே ஏறுவதும் அப்படித்தான். வேகமாக ஏறினால் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழாகிறது. மூட்டில் நின்றால் வலி, தண்டுவடத்தில் நின்றால் கால் மரத்துப்போதல். முக்குளிப்பவர்கள் இதைப் பெண்ட்ஸ் என்கிறார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில், அழுத்தக் காற்று நிரப்பிய அறைக்குள் அடித்தளம் தோண்டியவர்கள் இதனால் துடித்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் முடங்கிப்போனார். குற்றவாளி நைட்ரஜன் குமிழ்தான் என்று 1878இல் பிரெஞ்சு அறிஞர் பால் பேர் காட்டினார். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, படிப்படியாக மேலேறும் அட்டவணையை 1908இல் வெளியிட்டார் பிரிட்டனின் ஹால்டேன். இன்று மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் அந்த ஆடுகளின் வாரிசு.

பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணைப்படி, இடைநிறுத்தம் இல்லாமல் மேலேறிவர 18 மீட்டர் ஆழத்தில் 56 நிமிடம்தான் எல்லை. 30 மீட்டரில் 20 நிமிடம். பொனேரில் இந்த இரண்டாவது எண் முக்கியம், ஏனென்றால் எல்லோரும் பார்க்க விரும்பும் ஹில்மா ஹூக்கர் கப்பல் 30 மீட்டர் அடியில் ஒருக்களித்துக் கிடக்கிறது. கஞ்சாவோடு பிடிபட்டு, 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கிய, எழுபது மீட்டருக்கு மேல் நீளமான சரக்குக் கப்பல் அது. அந்த ஆழத்தில் நைட்ரஜன் லேசான போதையைத் தரும். நேரம் போவது தெரியாது. கப்பலைப் பார்ப்பதாக இருந்தால் அன்றைய முதல் முக்குளிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாகக் கட்டாயம் வேண்டாம்.

மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடமாவது நிற்க வேண்டும். கரைக்குத் திரும்பும் வழியே ஆழம் குறைந்த மணல் திட்டு என்பதால் அந்த மூன்று நிமிடத்தைப் பத்தாக நீட்டி, மணலில் உலவும் மீன்களைப் பார்த்தபடி வரலாம். ஒருவருக்கு ஒரு கம்ப்யூட்டர். வாரம் முழுக்க அதே கம்ப்யூட்டர். ஆனால் அந்தக் கருவிக்கு உங்கள் வயது தெரியாது, தண்ணீர் குடிக்கவில்லை என்பது தெரியாது, சிலிண்டரோடு எழுபது படி ஏறப்போகிறீர்கள் என்பதும் தெரியாது. முக்குளித்த உடனே கடுமையாக உழைத்தால் குமிழ்கள் கூடும். பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறவியிலிருந்த சிறு துளை முழுதாக மூடாமல் இருக்கிறது. நுரையீரல் வடிகட்ட வேண்டிய குமிழ் அதன் வழியே மூளைக்குப் போகும் வாய்ப்பு உண்டு. ஆகவே கருவி காட்டும் எல்லையைத் தொடாதீர்கள். வாரத்தின் நடுவில் ஒரு நாள் உடலை உலர விடுங்கள். நைட்ரஜன் குறைந்த நைட்ராக்ஸ் கலவை இங்கே எளிதாகக் கிடைக்கிறது, உதவியும் செய்யும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். கலவையின் ஆக்சிஜன் அளவை நீங்களே அளந்து பார்க்க வேண்டும். 32 சதவீதக் கலவையோடு 33 மீட்டருக்குக் கீழே போனால் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம்.

கரையிலிருந்து முக்குளிப்பவர்களிடம் நான் கண்ட பெரிய ஆபத்து வேறு. அறிகுறி வந்தாலும் அதற்கு ஒரு சமாதானம் கையிலேயே தயாராக இருக்கிறது. தோள் வலிக்கிறதா, சிலிண்டர் தூக்கியதால். அடித்துப்போட்டதுபோல் களைப்பா, வெயில். விரல் மரத்ததா, கையை மடித்துத் தூங்கிவிட்டேன். வயிற்றிலும் தொடையிலும் ஊதாப் புள்ளிகளா, உடை உரசியிருக்கும். இந்த நான்கும் பெண்ட்ஸின் முகங்கள். சிறுநீர் கழிக்க முடியாமை, நடையில் தள்ளாட்டம், தலைசுற்றல் வந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில், ஏறத்தாழ எப்போதும் 24 மணி நேரத்துக்குள் இவை தலைகாட்டும். முக்குளித்த பிறகு வரும் எந்தப் புது வலியையும் பெண்ட்ஸ் என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொல்லும் உரிமை மருத்துவருக்கு மட்டும்.

இன்னொன்று, எந்நிலையிலும் மூச்சை அடக்காதீர்கள். நெஞ்சு நிறையக் காற்றோடு மேலேறினால் நுரையீரல் கிழியும். இதற்கு ஓராள் உயரத் தண்ணீர்கூடப் போதும். கரையோரத்தில் அலை தூக்கும்போது பயந்து மூச்சைப் பிடிப்பது புதியவர்களின் இயல்பு. இடுப்பளவு தண்ணீருக்கு வரும்வரை, மூச்சுக் காற்று தரும் ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும்.

வெயிலும் காற்றும்

பொனேர் வறண்ட தீவு. கள்ளியும் முள்மரமும்தான் பச்சை. ஓயாத காற்று வியர்வையை உடனுக்குடன் துடைத்துவிடுவதால் உடல் காய்வது தெரிவதில்லை. சிலிண்டரில் வரும் காற்றும் ஈரமற்றது. நெஞ்சுக்கு வந்த கூடுதல் ரத்தத்தை உடல் மிகை நீர் என்று எண்ணிச் சிறுநீராக வெளியேற்றுகிறது. இவ்வளவும் சேர்ந்து ரத்தம் கெட்டிப்பட்டால் குமிழ் கரைவதும் தாமதமாகும். இங்கே குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது, தயங்காமல் குடிக்கலாம். சிறுநீர் வெளிர்நிறமாகும்வரை குடியுங்கள். மாலை பீரை அன்றைய கடைசி முக்குளிப்பு முடிந்து வெகுநேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிட்டால் இன்னும் நல்லது. கருவிகளையெல்லாம் பூட்டிச் சரிபார்த்த பிறகு கடைசியாகத்தான் ரப்பர் உடையைப் போட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் கால் மணி நேரம் நின்றாலே தலை சுற்றும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன்களுக்கு 2021 முதல் தீவில் தடை. முழுக்கைச் சட்டை இரண்டுக்கும் நல்லது, தோலுக்கும் பவளத்துக்கும்.

தொடாத கை

பூங்காவில் கையுறை போட அனுமதியில்லை. கையுறை இருந்தால் கை தானாகப் பாறையைப் பிடிக்கும் என்பதே காரணம். நெருப்புப் பவளம் பட்டால் தோல் எரியும்; வினிகர் ஊற்றலாம். 2009இல் இத்தீவுக்கு வந்து சேர்ந்த சிங்கமீனின் முள் குத்தினால் வலி தாங்க முடியாது. தோல் வெந்துவிடாத சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில், அரை மணிக்கு மேல் முக்கி வைத்தால் தணியும். கரைப் பாறையில் கடல்முள்ளெலிகள் உண்டு, தடித்த அடிப்பாகம் உள்ள காலணி இல்லாமல் இறங்காதீர்கள்.

பூட்டாத வண்டி

முக்குளிக்கப் போனவர்களின் வண்டியில் திருட்டு நடப்பதால், வண்டியில் எதையும் வைக்காதீர்கள், கதவையும் பூட்டாதீர்கள் என்பது தீவில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. அதைக் கேட்டு எல்லோரும் போன், பணம், மருந்து, ஏன், தண்ணீர் பாட்டிலைக்கூட அறையிலேயே விட்டுவிடுகிறார்கள். மயங்கி விழுந்தவரை வைத்துக்கொண்டு ஆளில்லாத தெற்குக் கரைச் சாலையில் நின்று பாருங்கள், அந்த அறிவுரையின் விலை தெரியும். நீர் புகாத சிறு உறையில் பழைய போன் ஒன்றை உடலோடு எடுத்துப் போகலாம். அருகில் உள்ள மருத்துவமனைக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். சிலிண்டர் எடுக்கும் கடையில், அவசரத்துக்கான ஆக்சிஜன் எங்கே இருக்கிறது, இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெண்ட்ஸ் என்று சந்தேகம் வந்தால் நோயாளியைப் படுக்க வைத்து முழு ஆக்சிஜன் தர வேண்டும். அதுதான் முதல் மருந்து. நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் தரலாம். வலி குறையும் என்று மறுபடி கடலில் இறக்கக் கூடாது. கிராலண்டைக்கில் அழுத்த அறை இருப்பது இத்தீவின் பெரும் பேறு. வழக்கமான சிகிச்சையில் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆக்சிஜன் தருவார்கள். ஒருமுறை போதாமல் பலமுறை தேவைப்படுவதும் உண்டு. செலவு பெரிது. சாதாரணப் பயணக் காப்பீடு முக்குளிப்பை விலக்கியிருக்கலாம். கிளம்பும் முன் அந்தச் சிறு எழுத்தைப் படியுங்கள், இல்லையென்றால் முக்குளிப்புக்கென்றே உள்ள காப்பீட்டை எடுங்கள்.

கடைசி நாள்

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், 2,400 மீட்டர் உயர மலைமேல் இருப்பதுபோலக்கூடக் குறையலாம். உடலில் மிஞ்சியிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழாகும். ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும். நான் ஒரு முழு நாள் விடுகிறேன். தீவுக்குள் சுற்ற இந்தப் பயம் வேண்டாம். மிக உயர்ந்த பிராண்டாரிஸ் குன்றே 241 மீட்டர்தான். தெற்கே உப்பளங்களின் இளஞ்சிவப்பு நீரில் பூநாரைகள் நிற்கும், ஒரு காலை முழுக்கப் பார்த்தாலும் தீராது.

வீட்டுக்கு வந்த மறுநாள் தோள் வலிக்கலாம், கை மரக்கலாம். அப்போது பார்க்கும் மருத்துவர் அதைச் சுளுக்கு என்றோ கழுத்தெலும்புத் தேய்மானம் என்றோ எழுதித் தருவது இயல்பு. அவர் கையில் வேறு தடயம் இல்லை. எங்கே வலிக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: ‘டாக்டர், முந்தாநாள் வரை கடலில் முக்குளித்தேன். முப்பது மீட்டர் போனேன். நேற்று விமானத்தில் வந்தேன்.’